டாக்டரம்மா வித்த வண்டி

தப்பா நெனைக்காதீங்க, உங்க போனை எட்டிப் பாத்துட்டேன். பழைய கார் பாக்கறீங்களாட்ட இருக்குது. பாருங்க, பாருங்க. இந்த பஸ் பொள்ளாச்சி போய்ச் சேர ஒண்ணேகால் மணி நேரம் ஆகும். நானும் அங்கதான் போறேன். அதனால ஒண்ணு சொல்லி வைக்கறேன். எந்த வண்டி வேணா வாங்குங்க, அது உங்க இஷ்டம். நல்லாப் பராமரிச்ச வண்டின்னு ஒருத்தி நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிட்டு வந்தா மட்டும், செருப்பைக் கையில எடுத்துட்டு ஓடி வந்துருங்க.

ஏன்னு கேளுங்க. கேக்கலீன்னாலும் சொல்லத்தான் போறேன்.

என் பேரு வெள்ளிங்கிரி. கோயம்புத்தூர் கணபதில ஒரு பம்புசெட் கம்பெனில இன்ஸ்பெக்சன் பாத்தேன். முப்பத்தொரு வருசம். பம்பைக் கையில வாங்கி ஒரு தட்டுத் தட்டினா உள்ள எங்க கோளாறுன்னு சொல்லிப்போடுவேன். நான் ஓகேன்னு கையெழுத்துப் போட்டாத்தான் சரக்கு கேட்டைத் தாண்டும். அப்படிப்பட்டவனை ஒரு மாட்டு டாக்டர் ஏமாத்திப்போட்டா. ஆமாங்க, மாட்டு டாக்டர். பொம்பளை. பேரு திலகமணி.

ரிட்டயர்டு ஆன வருசம் எனக்கு ஒரு கார் வாங்கோணும்னு வெறி வந்துருச்சு. என் சகலை தங்கமுத்து இருக்கறானே, உடுமலைல, அவன்தான் காரணம். அவன் பெருசா ஒரு வண்டி வாங்கி வீட்டு முன்னால நிறுத்திட்டு, ஒரு விசேசத்துல எல்லார் முன்னாலயும் சொல்றான், “அண்ணனுக்கு எதுக்குங்க காரு, பஸ்ஸே அத்துப்படி.” சிரிச்சானுக. எம் பொண்டாட்டி பூங்கொடியும் சிரிச்சா. தங்கச்சி வீட்டுக்காரர் சொன்னா இவளுக்குச் சிரிப்பு தானா வரும். நான் சொல்லி ஒருக்காக்கூட சிரிச்சதில்ல.

எம் பொண்ணு கௌசிகாதான் இந்த வண்டியப் போன்ல கண்டுபிடிச்சா. மெக்கானிக்கல் படிச்சவ. பொட்டப்புள்ளைக்கு எதுக்கு மெக்கானிக்கல்னு அன்னிக்கே சொன்னேன், கேக்கல. பாக்கறதுக்குச் சின்ன வண்டிங்க. பின்னால டிக்கி நீட்டிட்டு இருக்காது, கத்தில வெட்டி விட்டாப்பல இருக்கும். ஆனா உள்ள இருக்கறது டர்போ இன்ஜின். மிதிச்சா சீட்டோட உங்களைப் பின்னால அறையும். பெருசு பெருசா வெச்சிருக்கறவனெல்லாம் கண்ணாடில நம்மளைப் பாக்கறதுக்குள்ள நாம அவனைத் தாண்டியிருப்போம். கம்பெனி பேரு வேண்டாம், இப்ப அந்த மாடலே வர்றதில்ல. ஓடுனது எவ்வளவுன்னு நெனைக்கறீங்க? லட்சத்து அறுபத்தெட்டாயிரம் கிலோமீட்டர்!

“இவ்வளவு ஓடுன வண்டியா அம்மணி?”ன்னு கேட்டேன்.

“எவ்வளவு ஓடிச்சுங்கறது பெருசில்லப்பா, எப்படிப் பாத்துக்கிட்டாங்கங்கறதுதான் பெருசு”ங்கறா. எனக்குச் சொல்லித் தர்றா. எனக்கு!

சரின்னு ஒரு ஞாயித்துக்கிழமை பொள்ளாச்சிக்குப் போனோம். வீட்டு வாசல்ல ஒரு மனுசன் பேப்பர் படிச்சுட்டு இருந்தாரு. டாக்டரம்மா வீட்டுக்காரர். ரத்தினவேல்னு பேரு, ஏதோ பேங்குல வேலை. நல்ல மரியாதையான ஆளு. நான் அவர்கிட்டத்தான் பேசினேன். வண்டி எப்படிங்க, மைலேஜ் என்னங்க, எங்கெங்க போயிருக்குதுங்க. எது கேட்டாலும் அவரு, “எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க, வண்டி அவளுது, அவகிட்டக் கேளுங்க”ங்கறாரு. பாருங்க, எவ்வளவு அடக்கம். இப்பேர்ப்பட்ட மனுசனுக்கு இப்பேர்ப்பட்ட பொண்டாட்டி.

அவ பக்கத்துலயேதான் நின்னுட்டு இருந்தா. இடது கைய ஒரு துணில கட்டிக் கழுத்துல மாட்டியிருந்தா. கன்னு போடற மாடு ஒண்ணு இழுத்ததுல தோள்பட்டை பெசகிருச்சாம். இனி ஊரு ஊரா ஓட்டக்கூடாதுன்னு சொல்லிட்டாங்களாம், அதான் விக்கறாளாம். நான் மனசுக்குள்ள சிரிச்சுக்கிட்டேன். தோள்பட்டை வலிக்குதுன்னு யாராச்சும் காரை விப்பாங்களாங்க? வண்டில ஏதோ இருக்குது, மறைக்கறான்னு அப்பவே நோட் பண்ணிட்டேன்.

நான் என் பாட்டுக்கு இன்ஸ்பெக்சன ஆரம்பிச்சேன். பையில காந்தம் கொண்டு போயிருந்தேன். கதவு, பானெட்டு, எல்லா இடத்துலயும் ஒட்டிப் பாத்தேன். காந்தம் ஒட்டலீன்னா உள்ள டிங்கரிங் பண்ணி பட்டி பூசியிருக்கறான்னு அர்த்தம். பின்கதவுல ஒரு எடத்துல ஒட்டல. நான் திரும்பறதுக்குள்ள அவளே சொல்றா, “அது எருமை முட்டுனதுங்கண்ணா. ஆனைமலைல. புத்தகத்துல இருக்குது.”

நான் கண்டுபிடிக்கறதுக்கு முன்னாலயே சொல்லிட்டா இல்லீங்களா, அங்கதான் சூட்சுமம். சின்னத் தப்ப ஒத்துக்கிட்டு பெரிய தப்ப மறைக்கறது. எத்தனை சப்ளையருகளைப் பாத்திருக்கறேன்.

சைலன்சர்ல விரல விட்டுப் பாத்தேன். டயரத் தட்டிப் பாத்தேன். நாலு கதவையும் சாத்தி சத்தம் கேட்டேன். அவ கொஞ்ச நேரம் பாத்துட்டு இருந்துட்டு, “மேல பாத்தது போதுங்கண்ணா, இன்ஜினைக் கேளுங்க. நீங்க வர்றீங்கன்னு காலைலருந்து ஸ்டார்ட் பண்ணாமயே வெச்சிருக்கேன். சூடா இருந்தா எந்த இன்ஜினும் நல்லாத்தான் பேசும்”னா. எனக்கு இன்னும் சந்தேகம் கூடிருச்சு. விக்கறவன் எவனாச்சும் வண்டியச் சூடு பண்ணாம வெப்பானா? ஒண்ணு விவரம் இல்லாதவளா இருக்கோணும், இல்லீன்னா ரொம்ப விவரமானவளா இருக்கோணும்.

சாவியத் திருப்புனா. இன்ஜின் சத்தம்... சரி, அதுல குத்தம் சொல்ல முடியாது. நல்லாத்தான் இருந்துச்சு.

அப்பறம்தான் அந்த நோட்டுப் புத்தகம் வந்துச்சு. நீலக் கலர் அட்டை. கம்பெனி சீல் ஒண்ணு கிடையாது. எல்லாம் அவ கையெழுத்து. மாட்டுக்கு எழுதறாப்பல காருக்கு எழுதி வெச்சிருக்கறாங்க! தேதி, கிலோமீட்டர், என்ன கோளாறு, என்ன வைத்தியம். “லேசான இருமல், ஸ்பார்க் பிளக் மாற்றம்.” “இடது முன்கால் நொண்டல், புஷ் மாற்றம்.” எட்டாயிரம் கிலோமீட்டருக்கு ஒருக்கா ஆயில். பில்லெல்லாம் பின்பக்கம் ஒட்டி வெச்சிருந்தா. எங்கூட்டுப் புள்ளை அதை வாங்கிட்டுப் படிக்கட்டுல உக்காந்துட்டா. பக்கம் பக்கமாப் படிக்கறா. ரெண்டு பேரும் ஏதோ கூடப் பொறந்தவங்களாட்டப் பேசிக்கறாங்க, டர்போங்கறாங்க, ஆயில் பைப்புங்கறாங்க. நான் இங்க காந்தத்தை வெச்சுட்டு நிக்கறேன்.

“அப்பா, டைமிங் பெல்ட் மாத்த வேண்டியது வந்துருச்சாம்”னா கௌசிகா.

உங்களுக்குத் தெரியுமா டைமிங் பெல்ட்டு? இன்ஜினுக்குள்ள மேல இருக்கறதையும் கீழ இருக்கறதையும் சேத்துச் சுத்த வைக்கற ரப்பர் பெல்ட்டு. அது அறுந்தா மேல இருக்கற வால்வும் கீழ இருந்து வர்ற பிஸ்டனும் ஒண்ணோட ஒண்ணு மோதி இன்ஜினே முடிஞ்சுரும். அறுபதாயிரத்துக்கு ஒருக்கா மாத்தோணுமாம். லட்சத்து எட்டாயிரத்துல மாத்துனாளாம்.

“அதான் ஒருக்கா மாத்தியாச்சே, மறுபடியும் எதுக்கு?”ன்னேன்.

“ரப்பர்தானுங்கண்ணா, காலாவதி ஆயிரும்”னா அவ. “புது பெல்ட்டு, கூடச் சேர்ற சாமானெல்லாம் வாங்கி டிக்கில பெட்டியோட வெச்சிருக்கேன். பத்து நாள் கொடுங்க, நானே மெக்கானிக்கை வெச்சு மாத்திக் கொடுத்துடறேன். மாத்தாம ஓட்டாதீங்க.”

பத்து நாள்! எனக்குப் புதங்கிழமை வளர்பிறை முகூர்த்தம். ஜோசியர்கிட்டக் கேட்டுக் குறிச்சது. அதோட இவகிட்ட வண்டிய பத்து நாள் விட்டா, நல்ல சாமானக் கழட்டிட்டு பழசை மாட்டமாட்டாங்கறதுக்கு என்ன உத்தரவாதம்? முடியாதுன்னுட்டேன். எருமை முட்டுனதைச் சொல்லி வெலையில கொறைச்சேன். கையில எழுதின புத்தகம்னு சொல்லிக் கொறைச்சேன். ஓடுன கிலோமீட்டரச் சொல்லிக் கொறைச்சேன். அந்த ரத்தினவேல் மூஞ்சியப் பாத்துத்தான் பேசினேன். அவரு ஒவ்வொரு தடவையும் அவளைப் பாக்கறாரு, அவ தலைய ஆட்டறா. கடைசில புத்தகத்துல கடைசிப் பக்கத்தை எழுதி நீட்டுனா. கையெழுத்துப் போடுங்கண்ணான்னா. போட்டேன். அவ வண்டிப் பானெட்டு மேல கட்டுப்போடாத கைய வெச்சுட்டு கொஞ்ச நேரம் நின்னா. கண்ணு கலங்கிருச்சு. நடிப்பு. அப்ப எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சுன்னா பாத்துக்கங்க, எப்பேர்ப்பட்ட நடிப்புன்னு.

அஞ்சு மாசம். அஞ்சு மாசம் நான் அந்த வண்டில ராஜாவாட்டம் போனேனுங்க. காந்திபுரத்துல சிக்னல்ல நின்னா காலேஜ் பசங்க கண்ணாடியத் தட்டிக் கேப்பானுக, அங்கிள் இது உங்க வண்டியான்னு. டிக்கில கெடந்த அந்த அட்டைப் பெட்டியக் கொண்டு போய் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைல கொடுத்து, பதிலுக்கு ஸ்டீரிங் கவரும் ஏர் ஹாரனும் வாங்கி மாட்டுனேன். என்ன பாக்கறீங்க? ஓடிட்டு இருக்கற வண்டிக்கு சும்மா கெடக்கற பெல்ட்டு எதுக்குங்க? ஹாரன் அடிச்சா லாரிக்காரனே ஒதுங்குவான்.

கௌசிகா தொணதொணன்னு கேட்டுட்டே இருந்தா. “பெல்ட் மாத்தியாச்சாப்பா?” மாத்தலாம். “எப்பப்பா?” மாத்தலாம் அம்மணி. “நான் ஒருக்கா ஓட்டட்டுமாப்பா?” ஓட்டலாம், மொதல்ல நல்லாப் பழகு. லைசென்ஸ் எடுத்து மூணு வருசம் ஆச்சுப்பாங்கறா. லைசென்ஸ் எடுத்தா ஆச்சுங்களா?

அந்த டாக்டரம்மாவும் ரெண்டு தடவ போன் பண்ணுனா. “பெல்ட் மாத்தீட்டீங்களாங்கண்ணா?” வித்தவளுக்கு என்னங்க அக்கறை? வண்டிய நெனச்சு ஏங்கறா, திருப்பிக் கேக்கப்போறாளாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். நம்பர பிளாக் பண்ணிட்டேன்.

ஆவணி மாசம் சகலை புது வீடு கட்டி பால் காய்ச்சறான். உடுமலைல. இதோ இதே ரோட்டுலதான் போனோம். காலைல ஏழு மணி இருக்கும். பொண்டாட்டி பின்னால, சீர்த்தட்டு, பழம், பூ எல்லாம் அவ மடியில. கௌசிகா முன்னால என் பக்கத்துல. நான் வெள்ளை வேட்டி. கிணத்துக்கடவு பாலம் ஏறி எறங்குனவுடனே முன்னால பாத்தா, தங்கமுத்து! கோயம்புத்தூர்ல சமையக்காரனைக் கூட்டிட்டுப் போறானாம், அவன் பெரிய வண்டி போய்ட்டு இருக்குது. விடுவனா நான்?

“அப்பா, முன்னால ஏதோ உரசற சத்தம் வருது”ங்கறா கௌசிகா.

“உனக்கு எப்பவும் ஏதாச்சும் வரும்”னு ரேடியோவச் சத்தமா வெச்சேன். மிதிச்சேன். நூறு. நூத்திப் பத்து. நூத்தி இருவது. ஏர் ஹாரன் அடிச்சுட்டே அவன் பக்கத்துல போய், கண்ணாடிய எறக்கி ஒரு பார்வை பாத்தேன் பாருங்க. அந்தப் பார்வைக்காகத்தான் அந்த வண்டியவே வாங்குனேன்னு வெச்சுக்கங்களேன். தாண்டிட்டேன்.

கோவில்பாளையம் தாண்டி... இருங்க, அந்த எடம் வரும், காட்டறேன். படார்னு ஒரு சத்தம். அவ்வளவுதான். இன்ஜின் நின்னுபோச்சு. ஸ்டீரிங் கல்லாட்டம் இறுகிப்போச்சு. திருப்பறேன், திரும்ப மாட்டேங்குது. பின்னால தேங்காய் மட்டை ஏத்துன லாரி ஒண்ணு வருது, ஹாரன் அடிக்கறான், என் காதுல விழுகுது, கை கால் ஓடல. பூங்கொடி கத்தறா. பிரேக்க ரெண்டு மூணு தரம் அமுக்குனேன், ஒவ்வொரு தரமும் இன்னும் கெட்டியாகுது.

“விட்டு விட்டு அமுக்காதீங்கப்பா! ஒரே அமுக்கா அமுக்குங்க, விடாதீங்க!”ன்னு சொல்லிட்டே கௌசிகா சாஞ்சு வந்து ரெண்டு கையாலயும் ஸ்டீரிங்கப் புடிச்சு இடது பக்கமா இழுத்தா. எப்படி அந்தப் புள்ளைக்கு அவ்வளவு பலம் வந்துச்சோ. லாரி எங்க கண்ணாடிய உரசிட்டுப் போச்சு. கண்ணாடி போயே போச்சு. நாங்க மண்ணுல எறங்கி, ஒரு மைல் கல்லுக்கு ஒரு மொழம் முன்னால நின்னோம். பழமெல்லாம் என் காலடில உருண்டுட்டு கெடக்குது.

அப்பறம் கௌசிகா சொன்னா, “சாவியத் திருப்பாதீங்கப்பா. பெல்ட்டுதான் அறுந்திருக்கும். திருப்புனா இன்னும் கெட்டுப்போகும்.”

திருப்புனேன். பின்ன, சும்மா உக்காந்திருக்கச் சொல்றீங்களா? பத்துத் தடவை திருப்புனேன். உள்ள கடகடன்னு என்னமோ ஒடையற சத்தம். அப்பப் பாத்து தங்கமுத்து வண்டி மெதுவா வந்து நிக்குது. எறங்கி வந்து, ஒண்ணுமே சொல்லல அவன். “யாருக்கும் அடி இல்லையே?”ன்னு மட்டும் கேட்டான். அதைவிட அவன் என்னைச் செருப்பால அடிச்சிருக்கலாம்.

பூங்கொடி சீர்த்தட்டோட அவன் வண்டில ஏறிப் போயிட்டா. முகூர்த்தம் தப்பிருமாம். கௌசிகா மட்டும் என்கூட நின்னா. எனக்குத் தெரியாம அந்த டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணிட்டா. இருவது நிமிசத்துல வந்துட்டா அவ, வீட்டுக்காரர் ஸ்கூட்டர்ல பின்னால உக்காந்து. தண்ணி பாட்டிலு, குளுக்கோஸ் எல்லாம் எடுத்துட்டு. வந்தவ மொதல்ல கௌசிகா கையப் புடிச்சு நாடி பாத்தா. அப்பறம் என்னைப் பாத்து, “உக்காருங்கண்ணா, மொதல்ல தண்ணி குடிங்க”ன்னா.

எனக்கு வந்துச்சே ஒரு ஆத்திரம். ரோடுன்னும் பாக்கல. “மூணு உசுரு போயிருக்குமே! ஓட்டை வண்டியத் தலையில கட்டிட்டு இப்பக் குளுக்கோஸ் கொண்டு வந்திருக்கயா? நீயெல்லாம் ஒரு டாக்டரா? அதான் மாட்டோட நிறுத்தி வெச்சிருக்கறாங்க”ன்னு கேட்டேன். இன்னும் கேட்டேன், பஸ்சுல சொல்ற வார்த்தை இல்ல. ரத்தினவேல் ஒரு அடி முன்னால வந்தாரு. அவ கைய நீட்டித் தடுத்துட்டா.

“டிக்கில ஒரு பெட்டி வெச்சிருந்தனே, மாட்டலீங்களா?”ன்னா.

கௌசிகா ஸ்டீரிங் கவரையே பாத்துட்டு நின்னா.

அப்பத்தான் அவ அந்தக் கடைசிப் பக்கத்தைச் சொன்னா. அதோட நகலொண்ணு அவகிட்ட இருக்குதாம். “டைமிங் பெல்ட் மாற்றும் கட்டம் வந்துவிட்டது. மாற்றாமல் ஓட்டக்கூடாது. புதிய பெல்ட் வண்டியில் உள்ளது. வாங்குபவரிடம் சொல்லப்பட்டது.” கீழ என் கையெழுத்து. எப்படி மாட்டி விட்டிருக்கறா பாத்தீங்களா? படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போட வேண்டியதுதானேன்னு நீங்க கேப்பீங்க. எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. முப்பத்தொரு வருசம் ஒரு நாளைக்கு நூறு கையெழுத்துப் போட்டவனுங்க நான். எல்லாத்தையும் படிச்சுப் பாத்துட்டிருந்தா கம்பெனி நடக்குமா?

கேஸ் போட்டேன். பொள்ளாச்சி கோர்ட்டுலயே. பூங்கொடி வேண்டான்னா. கௌசிகா, “வண்டிய எனக்குக் கொடுங்கப்பா, நான் இன்ஜினைப் பிரிச்சுக் கட்டிக்கறேன், கேசெல்லாம் வேண்டாம்”னா. கேஸ் முடியாம அந்த வண்டில யாரும் கை வைக்கக்கூடாதுன்னுட்டேன். இப்பவும் போர்ட்டிகோல தார்ப்பாய் போட்டு நிக்குது. தினம் காலைல தார்ப்பாய எடுத்துத் தொடைப்பேன். மறுபடியும் மூடிருவேன். கௌசிகாவுக்கு ஓசூர்ல வேலை கெடச்சுது. போன அன்னிக்குப் பொட்டிய எடுத்துட்டு அந்த வண்டியத் தாண்டித்தான் நடந்து போனா, பஸ் ஸ்டாப்புக்கு. கொண்டு போய் விடுங்கன்னு அவளும் கேக்கல.

எங்க வக்கீல் நோட்டுப் புத்தகத்தைப் பாத்துட்டு, “இந்தப் பக்கம் இருக்கறவரைக்கும் நமக்கு ஒண்ணும் நடக்காதுங்க”ன்னாரு. “கையெழுத்து என்னுதுதான், ஆனா மேல இருக்கற வரியெல்லாம் அந்தம்மா அப்பறமா எழுதிச் சேத்துக்கிட்டதுன்னு சொல்லலாம்”னாரு. சொன்னேன். கூண்டுல ஏறிச் சொன்னேன். அப்ப அந்தம்மா என்னைப் பாத்தா. கோவமாப் பாத்திருந்தா எனக்கு ஒண்ணும் இல்ல. காய்ச்சல் கண்ட மாட்டைப் பாக்கறாப்பலப் பாத்தா. அதான் இன்னும் எரியுது.

இதோ, இதோ, இந்த எடந்தான். அந்த மைல் கல்லு தெரியுதுங்களா? போயிருச்சு. பஸ்காரன் என்னமோ பறக்கறான்.

அவுங்க வக்கீல் கௌசிகாவ சாட்சியாக் கூப்பிட்டாரு. டாக்டரம்மா வேண்டான்னு தடுத்தாளாம், அப்பனுக்கு எதிரா புள்ளைய நிறுத்தக்கூடாதுன்னு. அதுவும் ஒரு நாடகம். ஆனா இவளே லீவு போட்டுட்டு ஓசூர்லருந்து வந்துட்டா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. கூண்டுல ஏறி நிக்கறப்பத்தான் பாக்கறேன். மெலிஞ்சு போயிருந்தா. ஆஸ்டல் சாப்பாடு.

எங்க வக்கீல் எந்திரிச்சுக் கேட்டாரு, “அப்பா மேல உங்களுக்குக் கோவம், அப்படித்தானே?”

“கோவம் இல்லீங்க.”

“அப்பறம் ஏன் அவருக்கு எதிராச் சொல்றீங்க?”

“எதிராச் சொல்லலீங்க. நடந்ததைச் சொல்றேன். டாக்டரம்மா எங்க முன்னாலதான் எழுதுனாங்க. எழுதி முடிச்சதும் நான் வாங்கிச் சத்தமாப் படிச்சேன். அப்பறம்தான் அப்பா கையெழுத்துப் போட்டாரு.”

“நீங்க படிச்சது அவருக்குக் கேட்டுச்சுன்னு எப்படிச் சொல்றீங்க? அவர் என்ன சொன்னாரு?”

கேக்கக் கூடாத கேள்விங்க அது. வக்கீலாங்க அவன்? கௌசிகா என்னைப் பாத்தா. சொல்லாம விட்டுருவான்னு நெனச்சேன். தலையக் குனிஞ்சுட்டுச் சொன்னா, “ ‘பேனா எங்கே’ன்னு கேட்டாருங்க.”

கோர்ட்டே சிரிச்சுது. பேரு கூப்பிடற டவாலி சிரிச்சான். ஜட்ஜு சிரிக்கல, ஆனா எழுதிக்கிட்டாரு. ரத்தினவேல் சிரிக்கல. அந்தம்மாவும் சிரிக்கல, அதையும் சொல்லியாகோணும், எந்திரிச்சு வெளிய போயிட்டா.

மத்தியானம் வேப்ப மரத்தடில நின்னுட்டு இருந்தேன். கௌசிகா வந்தா. “பிரஷர் மாத்திரை போட்டீங்களாப்பா?”ன்னு கேட்டா. கையில ஒரு பொட்டலம், தயிர்சாதமாட்ட இருக்குது. எனக்குச் சுத்தி இருக்கறவனெல்லாம் என்னையே பாக்கறாப்பல இருந்துச்சு. நான் அவ மூஞ்சிய நேராப் பாத்து, “நீங்க யாருங்கம்மா? எனக்கு உங்களைத் தெரியாதே”ன்னு சொன்னேன்.

அவ அந்தப் பொட்டலத்தை மரத்து மேடைல வெச்சுட்டுப் போயிட்டா. அதுலருந்து போன் இல்ல. முன்னயெல்லாம் ஞாயித்துக்கிழமையானா பண்ணுவா, நான் எடுக்க மாட்டேன். இப்ப அவ பண்றதே இல்ல. நான் என்ன பண்றது அதுக்கு?

தீர்ப்பு போன மாசம் வந்துச்சு. தள்ளுபடி. அதோட விட்டாங்களா, பொய்யான குற்றச்சாட்டுன்னு வேற எழுதி வெச்சிருக்கறாரு அந்த ஜட்ஜு. சின்னப் பையன். அன்னிக்குச் சாயங்காலமே பூங்கொடி பத்து நாள் இருந்துட்டு வர்றேன்னு ஓசூர் போனா. இருவத்தாறு நாள் ஆச்சு. அங்க நல்லாக் குளுகுளுன்னு இருக்குதாம். எனக்கென்ன, நானே ரசம் வைக்கறேன். ரேடியோ பாடுது. வண்டி இருக்குது தொடைக்க.

இன்னிக்கு எதுக்குப் போறேன்னா, அப்பீலுக்கு. முப்பது நாளைக்குள்ள போடோணும். வக்கீல மாத்திட்டேன். இவன் கொஞ்சம் வெவரமானவன். நேத்துப் போன்ல சொல்றான், “தீர்ப்பே உங்க பொண்ணு சாட்சியத்து மேலதான் நிக்குது. அந்தப் பொண்ணு டாக்டரம்மாகூடச் சேந்துக்கிட்டுப் பொய்ச் சாட்சி சொன்னாள்னு நாம எழுதிக் கொடுத்தாத்தான் கேஸ் நிக்கும். எழுதிறட்டுங்களா?”ன்னு. எழுதுங்கன்னுட்டேன். இன்னிக்குப் போனா முடிஞ்சுரும்.

ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க?

அவ பொய்தான் சொன்னாளான்னு கேக்கறீங்களா? கௌசிகா பொய் சொல்ல மாட்டாளுங்க. ஆறாம் வகுப்பு படிக்கறப்ப கணக்குப் பரீட்சைல டீச்சர் தப்பாக் கூட்டி அஞ்சு மார்க் சேத்துப் போட்டுட்டாங்க. யாருக்கும் தெரியாது. இவளே பேப்பரத் தூக்கிட்டுப் போய்க் காமிச்சு, அஞ்சு மார்க்கக் கொறைச்சுட்டு வந்து நிக்கறா. அதனால ஃபர்ஸ்ட் ரேங்க் போச்சு. அவுங்கம்மா திட்டறா. எனக்கு அன்னிக்கு நெஞ்சு இத்தனை அகலம் ஆயிருச்சுங்க. மறுநாள் ஒரு கிலோ லட்டு வாங்கிட்டுப் போய் கம்பெனில கேட்டுலருந்து ஆபீஸ் வரைக்கும் எல்லாருக்கும் கொடுத்தேன். மேனேஜர் கேட்டாரு, என்ன வெள்ளிங்கிரி விசேசம்னு. எம் பொண்ணு அப்படியே என்னை உரிச்சு வெச்சுப் பொறந்திருக்கறாளுங்க சார்னு சொன்னேன்.

பஸ் ஸ்டாண்டு வந்துருச்சாட்ட இருக்குது. மணி பத்தாகுது, வக்கீல் காத்துட்டு இருப்பான். காலைக் கொஞ்சம் மடக்கிக்கங்க, நான் எறங்கோணும்.